தையல் கடைத் தீர்ப்பும் என் லேப்டாப்பும்

ஏழு வருஷமாக காரியாபட்டி வீட்டு மாடியில் உட்கார்ந்து ஒரே ஒரு வெளிநாட்டு நிறுவனத்துக்கு கோடு எழுதினேன். ஒப்பந்தத்தில் என் பெயர் ‘கான்ட்ராக்டர்’. போன மாதம் ஒரு மெயில், 15 நாள் நோட்டீஸ், அவ்வளவுதான். பி.எஃப்., கிராஜுவிட்டி எதுவும் கிடையாது. “அப்போ நீ அங்க வேலை பார்த்தியா இல்லையா?”ன்னு அம்மா கேட்டாங்க. பதில் தேடித்தான் சில்வர் ஜூபிலி டெய்லரிங் ஹவுஸ் வழக்கைப் படித்தேன்.

உச்ச நீதிமன்றம், 1973. எழுதியவர் நீதிபதி கே.கே. மேத்யூ. தையல்காரர்களுக்குப் பீஸ் ரேட் கூலி. முழு நாளும் இருக்கணும்னு கட்டாயம் இல்லை. சில சமயம் துணியை வீட்டுக்கும் கொண்டுபோவார்கள். அதனால் ஊழியர்கள் இல்லை என்றது கடை. நீதிமன்றம் ஏற்கவில்லை. தைத்தது சரியில்லை என்றால் நிராகரித்துத் திரும்பத் தைக்கச் சொல்லும் உரிமை கடைக்காரருக்கு இருக்கிறது, அதுவும் கட்டுப்பாடுதான் என்றது. எங்கள் கோடு ரிவ்யூ வேறென்ன? ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வேலை செய்பவரும் ஊழியராக இருக்கலாம் என்றும் சொன்னது. இவ்வளவும் எனக்குச் சாதகம்.

இடிக்கிற இடம் தையல் மெஷின். மெஷின் கடையுடையது என்பதை முக்கியமான அம்சமாக எடுத்துக்கொள்கிறது தீர்ப்பு. என் லேப்டாப் நான் இ.எம்.ஐ.யில் வாங்கியது. கருவிச் செலவையும் என் தலையில் கட்டிவிட்டு, அதையே நான் ஊழியன் இல்லை என்பதற்குச் சாட்சியாகக் காட்டலாம். தீப்பெட்டி ஒட்டுகிற வீடுகள் உள்ள நம்ம மாவட்டத்துக்கு இது புது விஷயமே இல்லை.

2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இன்னும் மோசம். ‘கிக்’ தொழிலாளி என்றால் வழக்கமான முதலாளி–தொழிலாளி உறவுக்கு வெளியே சம்பாதிப்பவர் என்கிறது. உறவு இருக்கிறதா என்று வேலையைப் பார்த்து முடிவு செய்தது 1973 தீர்ப்பு. இங்கே முடிவே வரையறைக்குள் வந்துவிட்டது.

அமெரிக்காவிலும் ஒப்பந்தத்தில் போட்ட பெயர் மட்டுமே செல்லாது. ‘ஃப்ரீலான்சர்’ என்று எடுத்தவர்கள் போட்ட வழக்கில் 2000-ல் மைக்ரோசாஃப்ட் சுமார் 9.7 கோடி டாலருக்கு சமரசம் செய்தது. ஆனா அவங்க கோர்ட் அவங்க ஊர்லயே இருந்தது. என் ஒப்பந்தப்படி தகராறு என்றால் டெலவேர் மாநிலச் சட்டம். காரியாபட்டியிலிருந்து அங்கே வக்கீல் வைக்கிற செலவுக்குக் கேட்கப்போகும் பணமே போதாது.

நம்மூரில் இப்படி வேலை பார்க்கிற தம்பிகளுக்கு: சம்பளப் பக்கத்துக்கு முன்னாடி, எந்த நாட்டுச் சட்டம் என்கிற பத்தியைப் படிங்க. நான் படிச்சது மெயில் வந்த பிறகுதான்.