ஓலத்திற்கு விதித்த தடை: சோபக்கிளீசின் ஆன்டிகனியும் ஏதென்சின் ஈமச்சட்டங்களும்

ஆன்டிகனி நாடகத்தைப் பற்றிய திறனாய்வு பெரும்பாலும் ஹெகல் 1807இல் வகுத்த வழியிலேயே நடந்து வந்துள்ளது. குடும்ப அறமும் அரசின் அறமும் மோதுகின்றன, இரண்டிலும் நியாயம் உண்டு, இரண்டும் முழுமையற்றவை என்பது அவர் கருத்து. பின்வந்தோர் இதனைத் தனிமனித மனச்சான்றுக்கும் அதிகாரத்திற்கும் இடையிலான போராட்டமாக எளிமைப்படுத்தினர். நம் வகுப்பறைகளில் இந்நாடகம் அறிமுகமாவதும் அவ்வாறே. இவ்வாசிப்பு தவறானதன்று, ஆனால், நாடகத்தின் சொற்களை நெருங்கி நோக்கினால் அது போதுமானதன்று என்பது புலப்படும். கிரியோனின் ஆணை அடக்கத்தை மட்டும் தடுக்கவில்லை, அழுகையையும் தடுக்கிறது. இவ்விரண்டாம் தடையைத் திறனாய்வாளர் பலர் முதல் தடையின் ஒட்டாகக் கருதிக் கடந்துவிடுகின்றனர். நாடகத்தின் பொருள் அதில்தான் உள்ளது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

கி.மு. 441ஐ ஒட்டி அரங்கேறியதாகக் கருதப்படும் இந்நாடகத்தின் கதை நன்கு அறிந்ததே. தீப்ஸ் நகரின் அரசுரிமைக்காகப் போரிட்ட உடன்பிறந்தார் இருவரும் ஒருவரையொருவர் கொன்று மடிகின்றனர். நகரைக் காத்த எட்டியோகிளிசுக்குச் சிறப்புடன் அடக்கம் நடைபெறுகிறது. அயற்படையுடன் வந்த பாலினைசிசின் உடலோ நாய்க்கும் பறவைக்கும் இரையாகக் கிடக்க வேண்டும் என்று தாய்மாமனும் புதிய அரசனுமான கிரியோன் ஆணையிடுகிறான். தங்கை இஸ்மினியிடம் ஆன்டிகனி அவ்வாணையைக் கூறும்போதும் (அடி 28), கிரியோனே முதியோர் முன் அறிவிக்கும்போதும் (அடி 204) ஒரே வினைச்சொல் வருகிறது: கோக்கு-. கூர்மையான குரலெடுத்து ஓலமிடுவதை இது குறிக்கும். ஹோமரின் காப்பியங்களில் இது பெண்களின் குரலுக்கே உரிய சொல். இதனைக் ‘கையறுநிலை’ எனத் தமிழில் பெயர்ப்பது பொருந்தாது. கையறுநிலை புலவன் செய்யும் பாட்டு. இதுவோ பாட்டாக அமைவதற்கு முந்தைய குரல். ‘ஓலம்’ என்பதே ஓரளவு நெருங்கி வருகிறது.

அழுகையைச் சட்டத்தால் கட்டுப்படுத்துதல் கிரியோனின் தனிக்கொடுமையன்று. கி.மு. 594இல் ஆர்க்கோனாக இருந்த சோலோனின் பெயரால் வழங்கும் ஈமச்சட்டங்களைப் புளூட்டார்க்கும், டெமோஸ்தனிசின் பெயரில் உள்ள மக்கார்ட்டடசுக்கு எதிரான வழக்குரையும் தருகின்றன. உடலை வீட்டிற்குள்தான் கிடத்த வேண்டும். மறுநாள் கதிரவன் எழுமுன் எடுத்துச்செல்ல வேண்டும். ஆண்கள் முன்னும் பெண்கள் பின்னும் செல்ல வேண்டும். நெருங்கிய உறவினர் நீங்கலாக, அறுபது வயதிற்குட்பட்ட பெண்கள் இழவுவீட்டிற்குள் நுழையவோ உடலைப் பின்தொடரவோ கூடாது. கன்னங்களைக் கீறிக்கொள்வதும், முன்னரே யாத்த புலம்பல்களைப் பாடுவதும் தடுக்கப்பட்டன. செல்வக்குடிகள் தம் பெருமையைத் தெருவில் காட்டுவதற்குப் பெண்களின் அழுகை ஒரு கருவியாக இருந்ததும், கொலைக்குப் பழிவாங்கும் உணர்வை அது தூண்டியதும் இதற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. மார்கரெட் அலெக்சியு 1974இல் கிரேக்கப் புலம்பல் மரபைப் பற்றி வெளியிட்ட நூல் இச்செய்திகளை விரிவாக ஆராய்ந்துள்ளது. நிக்கோல் லோரோ இதனை அரசியல் தளத்திற்கு எடுத்துச்சென்றார்.

பெண்ணிடமிருந்து நீக்கிய இடத்தை மக்களாட்சி வெறுமையாக விடவில்லை. போரில் இறந்தோரின் எலும்புகளைக் காட்சிக்கு வைத்தபின், குலத்துக்கு ஒன்றாகச் சைப்ரஸ் மரப்பெட்டிகளில் கொண்டுசென்று பொது அடக்கம் செய்வதைத் துசிடிடிஸ் இரண்டாம் நூலில் விவரிக்கிறார். உடல் கிடைக்காதோருக்காக வெற்றுப்பாடை ஒன்றும் உடன் செல்லும். உறவுப்பெண்கள் கல்லறையருகே அழலாம். ஆனால், இறுதிச்சொல் நகரம் தேர்ந்தெடுத்த ஆண்மகனுடையது. பெலப்பொனீசியப் போரின் முதலாண்டு முடிவில் உரையாற்றிய பெரிக்கிளிஸ், கைம்பெண்களுக்கு ஒதுக்கியது ஓரிரு வாக்கியங்களே. புகழ்ச்சியாகவோ இகழ்ச்சியாகவோ ஆடவர் நாவில் மிகக் குறைவாக இடம்பெறுவதே பெண்ணின் பெருமை என்பது அவற்றின் சாரம். உரையின் பெருமிதத்தை வியப்போர் இப்பகுதியை விரைந்து கடப்பதும் வழக்கமாயிற்று.

எனினும், கிரியோனை ஏதென்சின் சட்டத்தோடு முற்றிலும் ஒன்றாக்குதல் பிழையாகும். துரோகியை அட்டிக்க மண்ணில் புதைக்கலாகாது என்ற விதி இருந்தது. தெமிஸ்டோகிளிசின் எலும்புகளை உறவினர் மறைவாகக் கொண்டுவந்து புதைத்தனர் என்ற செய்தியைத் துசிடிடிஸ் குறிப்பிடுவது இதனால்தான். ஆனால், எல்லைக்கு வெளியே புதைப்பதை அவ்விதி தடுக்கவில்லை. உரிமையாளர் எடுக்காத உடலை ஊர்த்தலைவர் அன்றே எடுத்து அடக்கி ஊரைத் தூய்மைப்படுத்த வேண்டும் என்பதும் மேற்கூறிய வழக்குரையில் காணும் சட்டமே. ஆகவே, உடலை அழுகவிட்ட கிரியோன் நகரின் மரபையே மீறியவன் என்பதை அவையோர் உணர்ந்திருப்பர். அழுகையைத் தடுத்ததிலோ அவன் அவர்களுக்கு அத்துணை அயலானாகத் தோன்றியிருக்க மாட்டான். ஒரே ஆணையில் ஒருபாதி அவையோரை அதிரச்செய்வது, மறுபாதி அவர்களுக்குப் பழகியது.

இனி அச்சொல்லின் போக்கைக் காண்போம். ஆன்டிகனி பிடிபடுவது மண் தூவியதனால் மட்டுமன்று. குஞ்சுகளற்ற கூட்டைக் கண்ட பறவைபோல் அவள் கூர்ங்குரலில் ஓலமிட்டதைக் காவலன் கேட்கிறான் (அடி 423-425). முதல்முறை மண் தூவியவரை எவரும் காணவில்லை. இரண்டாம் முறை ஏன் வந்தாள் என்பது அறிஞரிடையே நெடுநாள் வினா. சடங்கு முன்னரே நிறைவேறிவிட்டது. ஓலமே எஞ்சியிருந்தது என்பதே பொருத்தமான விடையாகத் தோன்றுகிறது. கல்லறைக்குச் செல்லும் வழியில் தன்னைத் தானே பாடி அழுகிறாள். உடன்பிறந்தானைக் குறித்து அவள் சொன்ன ‘அழுவோரற்ற’ என்ற அடையே (அடி 29) இப்போது அவளுக்கு அமைகிறது (அடி 876). குறுக்கிடும் கிரியோன், பயனுண்டாயின் சாவின்முன் பாடுவதையும் புலம்புவதையும் எவரும் நிறுத்தமாட்டார் என எள்ளுகிறான்.

பின்னர்ச் சொல் திசை மாறுகிறது. ஆடவரும் பெண்டிரும் எழுப்பும் ஓலம் உன் வீட்டில் கேட்கும் என்கிறான் டைரீசியஸ் (அடி 1079). கல்லறையிலிருந்து எழும் கூர் ஓலம் ஹீமோனுடையது (அடி 1206). உள்ளே நுழையும் கிரியோன் மகனை அழைப்பதற்கு ஆளப்படும் வினை (அடி 1227), காவலன் ஆன்டிகனிக்கு ஆண்ட அதே முன்னொட்டு வினை. தடுத்தவனின் வாயிலேயே தடுக்கப்பட்ட சொல் வந்து அமர்கிறது. இதனைத் தற்செயல் என்று கொள்ள இயலாது.

யூரிடிசி பேசாமல் உள்ளே செல்லும்போது, ஊர்முன் அழுவதைத் தகாததாகக் கருதிக் கூரைக்குக் கீழ்ப் பணிப்பெண்களோடு அழுவாள் போலும் எனத் தூதன் தன்னைத் தேற்றிக்கொள்கிறான். சோலோனின் சட்டத்தைக் கேட்பதுபோன்றே இருக்கிறது. அவளது ஓலத்தை நாம் மேடையில் கேட்பதில்லை. இறந்தபின் பிறர் கூறவே அறிகிறோம்.

ஆகவே, சோபக்கிளீஸ் பெண்ணின் அழுகுரலை மீட்டுத் தந்தார் என்று கொண்டாடுவதிலும் எனக்குத் தயக்கம் உண்டு. ஆன்டிகனியாகப் பாடியவன் முகமூடி அணிந்த ஆண். மேடையை அமைத்தது நகரின் டயோனிசஸ் விழா. போரில் தந்தையரை இழந்த மைந்தர் அணிவகுத்ததும் அங்கேயே. கல்லறையருகே குறைத்த குரலை அரங்கில், ஆடவர் நாவில், ஒரு நாளுக்கு நகரம் அனுமதித்தது. நாடகத்தின் இறுதிப் புலம்பலும் கிரியோனுக்கே உரியது.

முடிவில் ஆணையின் முதற்பாதி நீங்குகிறது. பாலினைசிசின் எச்சத்தைக் கழுவி, எரித்து, பிறந்த மண்ணால் மேடு எழுப்புகின்றனர் (அடி 1199-1204). அதனைச் செய்வோர் கிரியோனும் அவன் ஆட்களும்; அங்கு அழுதவர் எவரும் கூறப்படவில்லை. மகனையும் மனைவியையும் எண்ணிக் கிரியோன் நூறு அடிக்கு அரற்றுகிறான். ஆன்டிகனியின் உடல் மேடைக்கு வருவதில்லை. அவ்வரற்றலில் அவளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.