குடும்ப வன்முறைச் சட்டம்: வலுவான வரையறை, தளர்ந்த வழிமுறை

1983-ல் இந்திய தண்டனைச் சட்டத்தில் 498-ஏ பிரிவு சேர்க்கப்பட்டபோது, மனைவிக்குக் கணவனும் அவன் உறவினரும் இழைக்கும் கொடுமை தனிக் குற்றமானது. ஆனால் அந்தப் பிரிவுக்குக் கைது செய்யத் தெரிந்தது. புகார் கொடுத்த பெண் அன்றிரவு எங்கே தங்குவாள் என்று கேட்கத் தெரியவில்லை. 2005-ல் இயற்றப்பட்டு, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் அந்தக் கேள்விக்குப் பதிலாகவே பிறந்தது. ஆகவே எத்தனை பேர் தண்டிக்கப்பட்டார்கள் என்ற கணக்கால் அதை அளப்பது பிழை. வாழும் வீட்டிலேயே, அச்சமின்றி, செலவுக்குப் பணத்தோடு அவளை இருக்க வைத்ததா என்று பார்க்க வேண்டும்.

முதலில் வரையறை. மூன்றாம் பிரிவு வன்முறையை உடல், பாலியல், சொல் மற்றும் உணர்வு, பொருளாதாரம் என நான்காகப் பகுக்கிறது. குழந்தை இல்லை, ஆண் குழந்தை இல்லை என்று இழித்துப் பேசுவதையும், சீதனத்தைப் பறிப்பதையும், வீட்டுச் செலவுக்குப் பணம் மறுப்பதையும் அது பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. இந்தியக் குடும்பத்தை உள்ளிருந்து அறிந்தவர்கள் எழுதிய பிரிவு இது. பாலியல் வன்முறையில் இதன் துணிவு இன்னும் தெளிவு. பதினெட்டு வயது நிறைந்த மனைவியைக் கணவன் கட்டாயப்படுத்தினால் அது வன்புணர்வு ஆகாது என்ற விலக்கை, தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024-ல் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும் விடவில்லை. பெண்ணின் கண்ணியத்தைக் குலைக்கும் பாலியல் நடத்தையோ, இங்கே 2005-லேயே வன்முறை என ஏற்கப்பட்டுவிட்டது. குற்றவியல் சட்டம் மறுத்த உண்மையை இச்சட்டம் ஒப்புக்கொண்டது. ஒரு சம்பவத்தைத் தனியே பிய்த்துப் பார்க்காமல் சூழ்நிலை முழுவதையும் கருத வேண்டும் என்ற விளக்கமும் முறையியல் அளவில் மிகச் சரியானது; இல்லறக் கொடுமை பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து வருவது.

சட்டத்தின் இதயம் பதினேழாம் பிரிவு. சொத்துரிமை இருந்தாலும் இல்லாவிட்டாலும், குடும்ப உறவில் வாழும் பெண்ணுக்குப் பகிர்ந்து வாழும் இல்லத்தில் குடியிருக்கும் உரிமை உண்டு என்கிறது அது. நடைமுறைக்கு வந்த இரண்டே மாதத்தில், எஸ்.ஆர். பத்ரா எதிர் தருணா பத்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதன் நரம்பை அறுத்தது. வீடு கணவனுக்குச் சொந்தமானதாகவோ அவன் வாடகைக்கு எடுத்ததாகவோ, அவன் உறுப்பினராக உள்ள கூட்டுக் குடும்பத்தினுடையதாகவோ இருக்க வேண்டும். மாமியார் பெயரில் உள்ள வீட்டில் மருமகளுக்கு உரிமை இல்லை என்பது தீர்ப்பு. மகன்கள் பெற்றோர் வீட்டிலேயே குடித்தனம் நடத்தும் நாட்டில், பத்திரத்தில் யார் பெயர் என்ற ஒரே கேள்வி உரிமையை வெறும் காகிதமாக்கிவிட்டது. வரையறை செம்மையாக எழுதப்படவில்லை என்று அந்த அமர்வு குறைப்பட்டதில் நியாயம் இருந்தது. தம்பதி எப்போதோ தங்கிய உறவினர் வீடெல்லாம் பகிர்ந்த இல்லம் ஆகிவிடக்கூடாதுதான். ஆனால் எழுத்தில் உள்ள தளர்ச்சியைச் சரிசெய்யப் போய்ச் சட்டத்தின் நோக்கத்தையே வெட்டியது மன்னிக்க முடியாத வாசிப்பு.

அதைத் திருத்தப் பதினான்கு ஆண்டுகள் ஆயின. 2020 அக்டோபரில் சதீஷ் சந்தர் அஹுஜா வழக்கின் தீர்ப்பு, வீடு கணவனின் உறவினருடையதாக இருந்தாலும், அங்கே நிலையாக வாழ்ந்திருந்தால் அது பகிர்ந்த இல்லமே என்றது. அதே மூச்சில், அந்த உரிமை அசைக்க முடியாதது அல்ல, உரிய சட்ட வழியில் வீட்டைத் திரும்பப் பெறலாம் என்றும் சொன்னது. முதியோரின் நிம்மதியையும் எடைபோட்ட இந்தச் சமநிலை பாராட்டுக்குரியது. அதே ஆண்டு டிசம்பரில் எஸ். வனிதா வழக்கு, மூத்த குடிமக்கள் சட்டத்தைக் காட்டி மருமகளைச் சுருக்கு வழியில் வெளியேற்றும் தந்திரத்துக்கும் தடை போட்டது. ஆனால் ‘நிலையாக வாழ்ந்தாரா’ என்பது சாட்சியம் கேட்கும் கேள்வி. சாட்சியம் என்றால் வாய்தா.

மணமாகாமல் சேர்ந்து வாழ்வோருக்காகச் சட்டம் ஏற்கும் ‘திருமணம் போன்ற உறவை’ப் பற்றிய வாசிப்பில் இந்தச் செம்மை இல்லை. தமிழ்நாட்டிலிருந்து சென்ற வேலுசாமி எதிர் பச்சையம்மாள் வழக்கில் 2010-ல் உச்ச நீதிமன்றம் வகுத்த நிபந்தனைகளுள் ஒன்று, இருவரும் மணம் செய்யத் தகுதியுள்ளவர்களாக இருக்க வேண்டும் என்பது. முதல் மனைவி இருப்பதை மறைத்த ஆணோடு ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தவளை இந்த அளவுகோல் வெளியே தள்ளியது. தீர்ப்பில் பெண்ணைக் குறித்த சொல்லாட்சியும் நீதிமன்றத் தரத்துக்குக் கீழானது. மாறாக, 2016-ல் ஹிரல் ஹர்சோரா வழக்கு எதிர்மனுதாரர் வயது வந்த ஆணாகவே இருக்க வேண்டும் என்ற வரம்பை நீக்கியது, சட்டத்தின் தர்க்கத்தோடு இசைந்த முடிவு.

பொய்ப் புகார் என்ற வாதத்தையும் எடைபோடத்தான் வேண்டும். தூரத்து உறவினரையெல்லாம் எதிர்மனுதாரராக இழுக்கும் மனுக்கள் உண்டு. அவற்றை முளையிலேயே கிள்ளுவது மனுவை விசாரிக்கும் நீதித்துறை நடுவரின் கடமை. ஆனால் இச்சட்டத்தில் மனு கொடுத்ததும் கைது இல்லை. உத்தரவை மீறினால்தான் தண்டனை. 498-ஏ மீதான சினத்தை இங்கே கொண்டுவந்து கொட்டுவது திறனாய்வாகாது. கொடுமையின் பரப்பையும் மறக்கக் கூடாது: ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 38 பேர் கணவனின் உடல் அல்லது பாலியல் வன்முறையைச் சந்தித்தவர்கள்.

வழிமுறையில்தான் சட்டம் தோற்கிறது. நிவாரணங்கள் உரிமையியல் தன்மையவை. கொடுப்பதோ நீதித்துறை நடுவர். அருகில் இருப்பவர், செலவு குறைவு என்பது இந்தத் தேர்வின் நன்மை. எதிர்மனுதாரரைக் குற்றவாளிபோல் நடத்தும் பழக்கம் இதன் தீமை. அவர் குற்றஞ்சாட்டப்பட்டவர் அல்லர் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021-ல் பத்மநாதன் வழக்கில் விளக்க வேண்டியிருந்தது. முதல் விசாரணை மூன்று நாளில், தீர்வு அறுபது நாளில் என்கிறது பன்னிரண்டாம் பிரிவு. ஆனால் அறுபது நாள் என்பது முயற்சிக்கான இலக்கு மட்டுமே. தவறினால் விளைவு எதுவும் இல்லை.

பாதுகாப்பு அலுவலர் இச்சட்டத்தின் அருமையான கற்பனை: அறிக்கை தயாரித்து, மனுவுக்கு உதவி, உத்தரவு நடக்கிறதா என்று பார்க்க ஓர் ஆள். பல மாநிலங்களில் அந்தப் பொறுப்பு ஏற்கெனவே வேலை நிரம்பிய அதிகாரியின் தலையில் கூடுதலாக ஏற்றப்பட்டது. மாவட்ட, வட்ட அளவில் அலுவலரை நியமியுங்கள் என்று 2025-லும் உச்ச நீதிமன்றம் ஆணையிட வேண்டியிருந்தது. அவரது அறிக்கை இல்லாமலே உத்தரவிடலாம் என்ற 2022 பிரபா தியாகி தீர்ப்பு பெண்களுக்கு நிம்மதி. கூடவே, அந்தப் பதவி இல்லாமலே நாம் வாழப் பழகிவிட்டதன் சான்றும் அது.

மிகப் பெரிய குறை 31-ஆம் பிரிவில் இருக்கிறது. பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை, இருபதாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். குடியிருப்பு உத்தரவை மீறிப் பூட்டை மாற்றினால் இப்பிரிவு பொருந்துமா, ஜீவனாம்சம் கொடுக்காவிட்டால் பொருந்துமா என்று அதன் வாசகம் சொல்லவில்லை. உயர் நீதிமன்றங்கள் ஆளுக்கொரு திசையில் போயிருக்கின்றன. கடமை தவறும் பாதுகாப்பு அலுவலருக்கும் அதே அளவு தண்டனையை 33-ஆம் பிரிவு விதிக்கிறது. அடுத்த பிரிவோ அரசின் முன் அனுமதி இல்லாமல் வழக்கே தொடர முடியாது என்கிறது. உரிமையை இவ்வளவு நுட்பமாக எழுதியவர்கள் அதை நடத்திக் கொடுக்கும் பிரிவுகளை இவ்வளவு அரைகுறையாக விட்டிருக்கக் கூடாது. குடியிருப்பு, பண உத்தரவுகளின் மீறலையும் 31-க்குள் வெளிப்படையாகச் சேர்க்க நாடாளுமன்றத்துக்கு ஒற்றை வரித் திருத்தம் போதும்.