‘பாவம்’ என்ற சொல்லும் மெரில் கோர்ட் விதவைகளும்

முதியோர் குடியிருப்பு என்றதும் எம்மவரில் பெரும்பாலானோர் ஒரேயொரு கதையைத்தான் சொல்வார்கள். பிள்ளைகள் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். தாய் ஜன்னலோரம் இருந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். எமது சிறுகதைகளில் இந்த ஜன்னல் எத்தனை தடவை வந்துவிட்டது! அவற்றை எழுதியவர்களின் துயரம் பொய்யென்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் அந்த அறையை விட்டு வெளியே வந்து, பக்கத்துக் கதவைத் தட்டிப் பார்த்த எழுத்து எம்மிடம் மிகக் குறைவு. அங்கிருப்பவர்களில் யார் யாரோடு சிநேகம், யார் யாரோடு கோபம், மாலையில் கூடியிருந்து எதைப் பேசிச் சிரிக்கிறார்கள் என்பதெல்லாம் எமக்கு அக்கறையான விடயங்களாக இருந்ததில்லை. முதியவரை யாரோ ஒரு பிள்ளையின் தாயாகவோ தகப்பனாகவோ மட்டுமே பார்த்துப் பழகிவிட்டோம்.

இந்தப் பழக்கத்துக்கு வெளியே நின்று எழுதப்பட்ட நூலொன்று 1973இல் அமெரிக்காவில் வெளிவந்தது. ஆர்லி ஹொக்சைல்ட் எழுதியது. ‘எதிர்பாராத சமூகம்’ என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். விமானப் பணிப்பெண்களின் புன்னகையும் ஓர் உழைப்பே என்று 1983இல் எழுதிப் பெயர்பெற்ற அதே சமூகவியலாளர்தான். அந்த நூலைப் பேசுகிற அளவுக்கு இந்த முதல் நூலை இப்போது யாரும் பேசுவதில்லை.

சான்பிரான்சிஸ்கோ குடாவுக்கு அருகே ஒரு சிறிய அடுக்குமாடி. நூலில் அதற்கு மெரில் கோர்ட் என்று புனைபெயர். அங்கே 43 பேர். அவர்களில் 37 பேர் பெண்கள். பெரும்பாலும் விதவைகள், கிராமங்களில் பிறந்து, தொழிலாளர் குடும்பங்களில் வாழ்ந்து முடித்த வெள்ளையினப் புரட்டஸ்தாந்துப் பெண்கள். ஹொக்சைல்ட் அப்போது இருபதுகளில் இருந்தவர். பொழுதுபோக்கு நிகழ்ச்சிகளுக்கான உதவியாளராக அங்கே வேலைக்குச் சேர்ந்து, 1960களின் பிற்பகுதியில் மூன்று வருடங்கள் அவர்களோடு பழகியிருக்கிறார். வயதேறும்போது மனிதர் சமூகத்திலிருந்து தாமாகவே விலகிக்கொள்கிறார்கள், சமூகமும் அவர்களிடமிருந்து விலகிக்கொள்கிறது என்ற கோட்பாடு 1961 முதல் அமெரிக்கச் சமூகவியலில் செல்வாக்குப் பெற்றிருந்தது. தலைப்பிலுள்ள ‘எதிர்பாராத’ என்ற சொல்லை நாம் அதற்கான பதிலாகவே வாசிக்கிறோம்.

நூலில் எமக்கு மிகவும் பிடித்த இடம் ஒரு கோப்பிக் கருவியைப் பற்றியது. ஆரம்பத்தில் அந்தக் கட்டிடத்தில் ஒருவரோடொருவர் பகிர எதுவுமே இருக்கவில்லை. ஒருத்தியின் மகள் கோப்பி போடும் கருவியொன்றைக் கொண்டுவந்து பொது அறையில் வைக்கிறாள். அதைச் சாட்டி நாலுபேர் கீழே இறங்கி வருகிறார்கள். பிறகு கூடியிருந்து செய்வதற்கு ஏதாவது வேலை வேண்டியிருக்கிறது, கைப்பணி தொடங்குகிறது, சங்கம் உருவாகிறது, பிறந்தநாள் விருந்துகள் வருகின்றன. (சங்கம் என்றால் அதற்குத் தலைவர் பதவியும் இருக்கும். அதில் எம்மவருக்கும் அவர்களுக்கும் வேறுபாடில்லை.) காலையில் கீழே போவதை அந்தப் பெண்கள் பொழுதுபோக்கென்று நினைக்கவில்லை, வேலைக்குப் போவதாகவே நினைத்தார்கள் என்று ஹொக்சைல்ட் கவனிக்கிறார். வாழ்நாள் முழுவதும் உழைத்த கைகள் அவை. சும்மா இருந்து கதைப்பதற்கு அவர்களுக்கு வெட்கம். கையில் ஊசியும் நூலும் இருந்தால்தான் வாயும் திறக்கும்.

இந்த உறவை அவர் சகோதர உறவு என்கிறார். ஏறக்குறைய ஒரே வயது, ஒரே இழப்பு, ஒரே அளவு பணம். இன்றைக்கு நான் உனக்குக் கடைக்குப் போய்வந்தால் நாளைக்கு நீ எனக்கு ஏதாவது சுட்டுத் தருவாய். காலையில் வெகுநேரமாகியும் பக்கத்து வீட்டுத் திரைச்சீலை விலகாவிட்டால் போய்த் தட்டிப் பார்ப்பார்கள். பிள்ளைகளோடு பேச முடியாத ஒன்றை, அதாவது சாவை, தங்களுக்குள் சாதாரணமாகப் பேசுவார்கள். பிள்ளைகளின் இடத்தை நட்பு பிடித்துக்கொண்டது என்று நூல் எங்கும் சொல்லவில்லை. இரண்டும் வேறுவேறு, ஒன்று இருப்பதால் மற்றது குறைவதில்லை. எமது ஜன்னலோரக் கதைகளுக்கு இதைவிட நல்ல மறுப்பை நாம் வாசித்ததில்லை.

ஆனால் நூலில் இன்னொரு பகுதி இருக்கிறது. அதை வாசித்தபோது எமக்குச் சற்றுக் கூச்சமாக இருந்தது. மெரில் கோர்ட் பெண்கள் சிலரைப் பற்றி ஓர் இரக்கச் சொல்லோடு பேசுவார்கள். தமிழில் அதற்குச் சொல் தேட வேண்டியதே இல்லை: ‘பாவம்’. உடல்நலம் உள்ளவளுக்கு நோயாளி பாவம். பிள்ளைகள் அருகில் இருப்பவளுக்குப் பிள்ளைகள் தூரத்தில் உள்ளவள் பாவம். இந்தச் சொல் ஒரே திசையில்தான் ஓடுகிறது என்று காட்டுகிறார் ஹொக்சைல்ட். பாவம் என்று சொல்லப்பட்டவள், சொன்னவளைத் திருப்பிப் பாவம் என்று சொல்வதில்லை. தனக்குக் கீழே இன்னொருத்தியைத் தேடிக்கொள்கிறாள். அவள் பராமரிப்பு இல்லத்தில் படுத்திருப்பவளைப் பார்த்துச் சொல்கிறாள். அங்கே படுத்திருப்பவளுக்கும் தன்னிலும் மோசமான ஒருத்தி கிடைக்கிறாள். பணத்தாலும் படிப்பாலும் வேறுபடாத இடத்தில் அதிர்ஷ்டத்தைக் கொண்டு படிநிலை கட்டுகிறார்கள்.

இங்கேதான் எமக்கு நூலோடு ஒரு வழக்கு இருக்கிறது. சகோதர உறவையும் இந்தப் படிநிலையையும் அவர் இரண்டையுமே தெளிவாக விவரிக்கிறார். ஒன்று மற்றதை என்ன செய்கிறது என்பதை இன்னும் அழுத்திப் பார்த்திருக்கலாம். நட்பு கொடுத்து வாங்குவதில் வளர்ந்தது என்றால், பாவம் எனப்பட்டவளிடம் யார் வாங்குவார்கள்? அவளுக்குக் கொடுப்பார்கள்; அவளிடம் ஒன்றும் கேட்கமாட்டார்கள். எமது ஒன்றுகூடல்களில் இதை நாம் எத்தனையோ தரம் கண்டிருக்கிறோம். மகனை யுத்தத்தில் இழந்த தாய் மண்டபத்துக்கு வருகிறா. “பாவம், அவவை விடுங்கோ, அவ இருக்கட்டும்” என்கிறோம். வடைக்கு வெங்காயம் வெட்ட மற்றவர்கள் குசினிக்குள் போய்ச் சிரித்துக் கதைக்க, அவ கதிரையில் தனியே இருக்கிறா. 2009க்குப் பிறகு அப்படிக் கதிரையில் இருத்தப்பட்டவர்களின் தொகை கூடியிருக்கிறது. அகதி வழக்கு நிராகரிக்கப்பட்டவர், மகளோடு ஒத்துவராமல் தனியே போனவர், ஆங்கிலமோ பிரெஞ்சோ தெரியாதவர் என்று எம்மிடமும் நீண்ட ஏணி உண்டு. நல்ல மனதோடுதான் ஏற்றி இறக்குகிறோம்.

இன்னொரு குறை: எல்லோரும் ஒரே மாதிரியானவர்களாக இருந்ததே அந்தச் சமூகத்தைச் சாத்தியமாக்கியது என்பதை நூல் மறைக்கவில்லை. அந்தப் பொது அறைக்குள் ஒரு கறுப்பினப் பெண்ணோ மெக்சிக்கப் பெண்ணோ கோப்பிக்கு வந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்ற கேள்வி நிற்கிறது. வெள்ளையர் மத்தியில் மூப்படையும் எமக்கு அது வெறும் ஆய்வுக் கேள்வியல்ல.

வசதி படைத்தவர்களின் குடியிருப்புகள் வேறு ரகம். 1960 ஜனவரி 1ஆம் திகதி அரிசோனாவில் டெல் வெப் திறந்த சன் சிற்றியில் வீட்டோடு கோல்ப் மைதானமும் பொழுதுபோக்கு நிலையமும் சேர்த்தே விற்றார்கள். அந்த வழியில் வந்த புளோரிடாவின் ‘த வில்லேஜஸ்’ பற்றி லான்ஸ் ஒப்பன்ஹைம் 2020இல் எடுத்த ‘சம் கைன்ட் ஒஃப் ஹெவன்’ என்ற ஆவணப்படம் பார்க்கக் கிடைக்கிறது. நடனம், நீச்சல், கோல்ப் வண்டி அணிவகுப்பு என்று அங்கே எல்லாம் உண்டு. அதற்குள் சிலரின் தனிமையும் உண்டு. படம் அழகானது. ஆனால் அந்த மனிதர்களைச் சற்று வேடிக்கையாகவே பார்க்கிறது. அவர்களில் ஒருவருக்கும் இன்னொருவரிடம் கடைக்குப் போய்வரச் சொல்லும் தேவை இருந்ததா என்று கேட்கவில்லை.

பார்பரா மையர்ஹொஃப் 1978இல் எழுதிய ‘நம்பர் அவர் டேய்ஸ்’ எமக்கு இன்னும் நெருக்கமானது. கலிபோர்ணியாவின் வெனிஸ் கடற்கரையில் ஒரு நிலையத்தில் தினமும் கூடிய கிழக்கு ஐரோப்பிய யூத முதியோரைப் பற்றியது. அவர்களும் ஊரை விட்டு வந்தவர்கள். பலருக்குத் திரும்பிப் போக அந்த ஊரே இல்லாமற் போய்விட்டது. ஓயாமல் சண்டை பிடிக்கிறார்கள். மையர்ஹொஃப் அந்தச் சண்டையை நட்பின் தோல்வியாகப் பார்க்கவில்லை. தாம் இன்னும் ஆளாக இருக்கிறோம் என்று ஒருவருக்கொருவர் காட்டும் வழியாகப் பார்க்கிறார். பாவம் என்று நினைப்பவரோடு யாரும் சண்டைக்குப் போவதில்லை அல்லவா?

எமது மண்டபங்களைப் பற்றி இப்படியொரு நூல் தமிழில் வரவேண்டும். மலர் வெளியிடுபவர்களின் வாழ்த்துரை வேண்டாம். யாராவது ஓர் இளையவர், முடிந்தால் பெண்ணாக, இரண்டு மூன்று வருடம் தேநீர்க் கோப்பை கழுவிக்கொண்டு, காலைப் பேருந்தில் வரும் அம்மாமாரோடும் மூலையில் ‘முந்நூற்றிநாலு’ விளையாடும் ஐயாமாரோடும் இருந்து எழுதவேண்டும். யார் வீட்டுத் திரைச்சீலையை யார் பார்க்கிறார்கள், ஊரில் கிணற்றடியில் ஒதுக்கி வைத்தவர்கள் இங்கே ஒரே மேசையில் சாப்பிடுகிறார்களா, கதிரையில் இருத்தப்பட்ட தாயின் கையில் வெங்காயத்தையும் கத்தியையும் முதலில் கொடுத்தது யார் என்றெல்லாம்.