தோட்டமும் தாமானும்

மலாய் மொழியில் 'தாமான்' என்பதற்குத் தோட்டம், பூங்கா என்பன பொருள். இன்று அச்சொல் நகரை அடுத்து எழும் வீடமைப்புப் பகுதிகளுக்குப் பெயராக வழங்குகிறது. தமிழரோ ரப்பர் விளைந்த நிலத்தைத் தோட்டம் என்றனர். ஒரு தோட்டத்தை விட்டு மற்றொரு தோட்டத்துக்குக் குடிபெயர்ந்த மக்களின் வரலாறு இவ்விரு சொற்களுக்கும் இடையே கிடக்கிறது. மலேசியத் தமிழ்ப் புனைகதை முதல் தோட்டத்தை நன்கு அறியும். இரண்டாவதன் வாயிலில் தயங்கி நிற்கிறது.

மலாயாவில் ரப்பர் வணிகப் பயிரானது மலாக்காவில்தான். 1896-இல் தான் சே யான் என்னும் சீனர் புக்கிட் லிந்தாங்கில் அதனைப் பயிரிட்டார். பின்னர்த் தோட்டங்கள் பெருகின. கோலா சுங்கை பாரு போன்ற சிற்றூர்ப் புறங்களில் கடைத்தெரு பெரும்பாலும் சீனருடையது, கம்பம் மலாய்க்காரருடையது, லயம் தமிழருடையது. இனமே வேலியாக இருந்தது. ஆயினும் லயத்திற்கும் கிராணியார் வீட்டிற்கும் இடையே மற்றொரு வேலியும் அன்றே இருந்தது என்பதை மறத்தலாகாது. கிராணியார் பலர் யாழ்ப்பாணத் தமிழரும் மலையாளிகளும் ஆவர்.

1950-களில் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்ததும் இதன் பொருட்டே. தலைநகரை அடுத்த தோட்டங்கள் சில காலப்போக்கில் வீட்டுமனைகளாயின. அவற்றுள் பங்சார் சிறந்த சான்று. புங்கே, கிரிசார் என்னும் இரு ஐரோப்பியர் பெயர்களின் சேர்க்கையே அவ்வூர்ப்பெயர் என்பர். முதலாளிகளின் பெயர் ஊருக்கு நின்றது. பால் மரம் சீவியவர் பெயர் ஒரு சந்துக்கேனும் நின்றதா என்பது கேட்கத்தக்கது. இன்று அங்கே சீனரும் மலாய்க்காரரும் இந்தியரும் வெளிநாட்டவரும் அடுத்தடுத்து வாழ்கின்றனர். அவர்களை அண்டை வீட்டாராக்கியது வருவாய். அதே வருவாய் தமிழரைத் தமிழரிடமிருந்து பிரித்தும் விட்டது.

இப்பிரிவைப் புள்ளிவிவரம் காட்டாது. 1970-இல் தீபகற்ப மலேசியாவில் ஒரு குடும்பத்தின் சராசரி மாத வருவாய் மலாய்க்காரருக்கு 172 வெள்ளி, இந்தியருக்கு 304, சீனருக்கு 394 எனக் கணக்கிட்டனர். இந்தியர் நடுவில் அமைந்தனர், நன்று. ஆனால் நகரத்து வழக்கறிஞரையும் லயத்துத் தொழிலாளியையும் கூட்டி வகுத்து வந்த 304 அது. அத்தொகையில் வாழ்ந்த தமிழர் எத்தனை பேர்? கணக்கு விட்ட இடத்தில்தான் கதைக்கு வேலை உண்டு.

அவ்வேலையைக் கதை செய்ததா? அகிலன் மலேசியப் பயணத்தின் பின் எழுதிய 'பால்மரக் காட்டினிலே' தோட்டத் தொழிலாளரின் துயரைப் பரிவோடு கூறுவது. சீ. முத்துசாமியின் 'மண்புழுக்கள்' அவ்வாழ்வை உள்ளிருந்தே காண்பது. பேச்சுவழக்கு அதன் உயிர். ரெ. கார்த்திகேசுவின் 'வானத்து வேலிகள்' ஏழைமையிலிருந்து செல்வத்துக்கு ஏறும் ஒருவனைக் கதைத்தலைவனாக்கியது. அது 1981-இல் துணிந்து எடுத்துக்கொண்ட பொருள். இருந்தும் வகுப்பறைகளிலும் கருத்தரங்குகளிலும் தோட்ட நாவலுக்கே முதல் இருக்கை. அதனை 'நம் வரலாறு' என்கிறோம். நகர நாவலை ஒழுக்கத் தராசில் வைத்து நிறுக்கிறோம். செல்வம் பெற்றவன் பண்பு கெட்டானா, இல்லையா என்பதோடு திறனாய்வு முடிந்துவிடுகிறது. துயரைப் பாடுவது எளிது என்பதன்று. பழகிய துயர் படிப்பவரை உறுத்துவதில்லை என்பதே குறை.

பங்சாரில் தமிழர் ஒருவரின் மாடிவீடு. அங்குப் பாத்திரம் துலக்க வருபவளும் தமிழச்சி. தோட்டம் கைமாறியபோது லயத்தை விட்டு வந்தவள். வீட்டுத் தலைவி அண்டை வீட்டுச் சீன மாதுடன் ஆங்கிலத்தில் பேசிவிட்டு உள்ளே வருகிறாள். வேலைக்காரியைப் பெயர் சொல்லி அழைப்பாளா, 'அக்கா' என்பாளா? அவள் அம்முறையை ஏற்று மறுமொழி கூறுவாளா, வாளா இருப்பாளா? இந்த ஒரு கேள்வியைப் பற்றி நூறு பக்கம் எழுதலாம்.