மாக்கோழியின் குரல்: யசோதர காவியம் குறித்து ஒரு வாசிப்பு

ஐஞ்சிறுகாப்பியங்களுள் ஒன்றாகிய யசோதர காவியத்தைச் சமண அறநூலாகவே பெரும்பாலோர் கற்கின்றனர். அச்சச்சுவையை முன்னிறுத்தி அதனை அணுகியோர் சிலரே. பலியிடுவதற்கென இளையோர் இருவர் சண்டமாரி கோயிலுக்குக் கொண்டுவரப்படுவதில் தொடங்கும் இக்கதையைக் கன்னடத்தில் ஜன்னன் 1209-இல் 'யசோதர சரிதெ' எனப் பாடினான். மைசூரில் இருமொழியும் அறிந்து பணிபுரிவோர் இவ்விரண்டையும் ஒருங்கே வைத்துப் பயிலுதல் நலம்.

அச்சத்தின் நிலைக்களங்களாகத் தொல்காப்பியம் அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்னும் நான்கினைச் சுட்டும். மாரியும், வாளேந்திய மாரிதத்தனும், விலங்குப் பிறவிகளும் இக்காப்பியத்தில் உள. (கள்வரை அரசியின் கள்ளக் காதலில் காண்பது வலிந்து பொருள்கோடலாகும்.) ஆயினும் வாசகனை நடுங்கச் செய்வது இவற்றுள் ஒன்றுமன்று. உருக்குலைந்த யானைப்பாகனொடு அரசியைக் கண்ட யசோதரன், அதனை மறைத்துத் தீக்கனவு கண்டதாகத் தாயிடம் கூறுகிறான். அவள் பலி வேண்டுகிறாள். கொல்ல மறுத்த அவன், மாவினால் செய்த கோழியை வெட்ட இசைகிறான். வெட்டுண்ட மாக்கோழி குரலெழுப்புகிறது. உயிரொன்றும் கொல்லப்படவில்லை, ஆனால் கொலை நிகழ்ந்துவிட்டது. தன் எண்ணத்திற்குத் தானே அஞ்சும் இவ்வச்சத்திற்கு மேற்கூறிய நான்கனுள் இடமில்லை.

பின்வரும் பிறவித்தொடரைச் சலிப்பூட்டும் அறவுரை எனத் திறனாய்வாளர் ஒதுக்குவது பொருந்தாது. தாயும் மகனும் நாயும் மயிலுமாகத் தம் அரண்மனைக்கே மீளுகின்றனர். மயிலை நாய் கவ்விக் கொல்கிறது. மீனாகப் பிறந்த யசோதரன், தன் நற்கதிக்கெனத் தன் மகன் அளிக்கும் விருந்திலேயே உணவாகிறான். பேய்க்கதை எதுவும் இதனினும் கொடியதொன்றைக் கூறிவிட இயலாது. அரசி நள்ளிரவில் பாகனின் பாட்டைக் கேட்டு நெகிழும் பகுதியில் ஜன்னனின் கவித்துவமே மேம்பட்டது என்பதையும் ஒப்புக்கொள்ளல் வேண்டும். தமிழ்க் காப்பியம் அவ்விடத்தை விரைந்து கடக்கிறது.

கிரீஷ் கார்னாட் 1980-இல் இக்கதையை 'ஹிட்டின ஹுஞ்ச' என்னும் நாடகமாக்கியபோது பிறவித்தொடரை நீக்கி, ஓரிரவிற்குள் நான்கு மாந்தரை நிறுத்தினார். நாடகத்திற்கு அது தக்கதே. எனினும் அத்தலைப்பைத் தமிழாக்குவோர் ஒன்றனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். கன்னட 'ஹிட்டு' மாவை மட்டுமே குறிக்கும். தமிழில் 'மா' என்னும் ஓரெழுத்தொருமொழி அரைத்த மாவையும் விலங்கையும் ஒருசேரக் குறிக்கும். 'மாவுக்கோழி' என்றால் பொருள் தெளிவாகும். 'மாக்கோழி' என்றால் பொருளுக்குள் ஓர் உயிர் அசையும். காப்பியப் புலவர் இதனைக் கருதினார் எனச் சான்று காட்டவியலாது. சொல் அதனைச் செய்துவிடுகிறது.

வினைச்சொல்லிலும் இத்தகைய தேர்வு உண்டு. கோழி 'அலறியது' என மொழிபெயர்த்தால் அச்சம் வாசகனுக்கு முன்னரே அறிவிக்கப்பட்டுவிடும். 'கூவியது' என்பதே என் தேர்வு. நாள்தோறும் விடியலில் கேட்கும் குரல் அது.