ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் ஆளுநர் துய்ப்ளே: புகழும் பழியும்

ஆய்வுச் சுருக்கம்

புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநராக 1742 முதல் 1754 வரை இருந்த துய்ப்ளேயின் வாழ்வை ஒரு தமிழர் நாள்தோறும் கண்டு எழுதிய பதிவு ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு. அதில் ஆட்சியின் பெருமை ஆளுநரையும் சிறுமை அவர்தம் மனைவியையும் சேருமாறு எழுதப்பட்டுள்ள முறையை இக்கட்டுரை ஆராய்கிறது. இப்பகுப்பு எழுதியவரின் பதவி நிலையிலிருந்து பிறந்தது என்பதும், நாட்குறிப்பைச் சான்றாகக் கொள்வோர் அதை அப்படியே ஏற்றல் ஆகாது என்பதும் இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: நாட்குறிப்பு, துபாஷி, ஆளுநர், பட்டம், பழி இடமாற்றம்.

முன்னுரை

சென்னைப் பெரம்பூரில் 1709இல் பிறந்த ஆனந்தரங்கப் பிள்ளை, தந்தை திருவேங்கடம் பிள்ளையுடன் இளமையிலேயே புதுச்சேரி சென்றார். 1736 செப்டம்பரில் நாட்குறிப்பு எழுதத் தொடங்கி, 1761 சனவரியில் தாம் இறக்கும் காலம் வரை தொடர்ந்தார். அவர் மறைந்த சில நாள்களில் புதுச்சேரி ஆங்கிலேயர் வசமாயிற்று. 1846இல் கண்டெடுக்கப்பட்ட இப்பதிவு, 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளிவந்தது. தமிழ் மூலம் நூலாக வரத் தொடங்கியது 1948இல்தான். தமிழில் எழுதப்பட்ட ஒரு நூல் முதலில் மொழிபெயர்ப்பு வழியாக வரலாற்றுச் சான்றாகவே அறியப்பட்டதால், அதன் சொல்லாட்சியும் கூற்று முறையும் இலக்கியத் திறனாய்வின் பார்வைக்குப் பிந்தியே வந்தன. துய்ப்ளே பற்றிய பகுதிகளுக்கு இது மிகவும் பொருந்தும்.

பட்டத்தால் அமைந்த பிரபுத்துவம்

துய்ப்ளே பிறப்பால் பிரபு அல்லர். 1697இல் லாந்திரசியில் பிறந்த அவர் ஒரு வரிக் குத்தகையாளரின் மகன். சந்திரநாகூரில் வணிகத்தால் பொருளீட்டிய பின்னரே புதுச்சேரி ஆளுநரானார். அவருடைய பிரபுத்துவம் இரு திசைகளிலிருந்து வந்தது. பிரெஞ்சு மன்னர் பதினைந்தாம் லூயி மார்க்கி பட்டம் அளித்தார். 1750 டிசம்பரில் நாசிர் சங் கொல்லப்பட்டபின் தக்காணத்தின் தலைமை பெற்ற முசபர் சங், புதுச்சேரிக்கு வந்து அவருக்கு முகலாயப் பட்டமும் மன்சப் நிலையும் வழங்கினார். வணிகக் கம்பெனியின் அலுவலர் ஒருவர் நவாபின் உடையில் கொலுவிருந்தார்.

இந்தப் பட்ட வரிசை துய்ப்ளேயோடு நிற்கவில்லை. பிள்ளையும் அதே காலத்தில் மன்சப் பெற்றார். அவரைத் தலைவராகக் கொண்டு தியாகராச தேசிகர் 'ஆனந்தரங்கன் கோவை' பாடினார். சீனிவாச கவி 1752இல் வடமொழியில் 'ஆனந்தரங்க விஜய சம்பு' இயற்றினார். முசபர் சங் துய்ப்ளேயை உயர்த்தினார். ஆளுநரின் அணுக்கத்தால் துபாஷி உயர்ந்தார். துபாஷியைப் புலவர்கள் உயர்த்தினர். புகழ்பவரே புகழப்படுபவராகவும் இருக்கும் இச்சூழலில், ஆளுநரின் சிறுமை துபாஷியின் பெருமையையும் குறைக்கும். நாட்குறிப்பின் புகழுரைகளை இப்பின்னணியில் வைத்தே படிக்க வேண்டும்.

இரு குரல்கள்

நாட்குறிப்பில் இரு குரல்கள் கேட்கின்றன. ஒன்று, துரையின் முன்னிலையில் பேசும் குரல். ஆளுநரின் வெற்றிகளையும் கீர்த்தியையும் எடுத்துரைத்துத் தாம் பேசியவற்றைப் பிள்ளையே விரிவாக எழுதி வைக்கிறார். 1746 செப்டம்பரில் பிரெஞ்சுப் படை சென்னையைக் கைப்பற்றியபின் இக்குரல் ஓங்குகிறது. மற்றொன்று, வீடு திரும்பியபின் எழுதும் குரல். லஞ்சம், பதவிப் போட்டி, படைச் செலவு, வணிகத் தேக்கம் ஆகியவற்றை அது அடக்கமாகவும் சில வேளை கசப்புடனும் பதிவு செய்கிறது. பாரசீகம், பிரெஞ்சு, போர்ச்சுகீசியம், தெலுங்கு ஆகிய மொழிகளின் சொற்கள் கலந்த பேச்சுத் தமிழ் அதன் நடை.

இவ்விரண்டில் முதலாவதை முகத்துதி என்றும் இரண்டாவதை உண்மை என்றும் பிரித்து முடிப்பது எளிது. ஆனால், இரண்டாம் குரலும் தனக்கென ஒரு எல்லையை வகுத்துக்கொள்கிறது. குறை சொல்லும் இடங்களில் ஆளுநருக்கு முன்னே அவர் மனைவியையே அது நிறுத்துகிறது.

பழி இடம்பெயர்தல்

துய்ப்ளேயின் மனைவி ழான் புதுச்சேரியிலேயே பிறந்தவர்; தமிழ் பேசத் தெரிந்தவர். 1741இல் துய்ப்ளேயை மணந்தார். இந்திய அரசர்களுடனான கடிதத் தொடர்பிலும் ஒற்றர்களை நடத்துவதிலும் அவருக்குப் பங்கிருந்தது. துரைக்கும் உள்ளூராருக்கும் இடையில் மொழிவழி நிற்பதே துபாஷியின் தொழில். மொழிபெயர்ப்பாளர் இன்றியே உள்ளூராரோடு பேசக்கூடிய ஆளுநர் மனைவி அத்தொழிலுக்கே போட்டியாகிறார். பிள்ளையின் கடுமைக்கு இது முதற்காரணம்.

1748 செப்டம்பர் நிகழ்வு இதற்குத் தக்க சான்று. ஆங்கிலக் கடற்படைத் தலைவர் பொஸ்கவன் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்தபோது, சம்பா கோயிலை அடுத்திருந்த வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. முந்தைய ஆளுநர்கள் செய்யத் துணியாத செயல் இது என்பதைப் பிள்ளை சுட்டுகிறார். பாதிரிமாரின் நெடுநாள் வேட்கையையும் ழானின் தூண்டுதலையும் காரணமாக்குகிறார். ஊரார் தம்மிடம் முறையிட்டதையும் எழுதுகிறார். நாட்குறிப்பின் மிகத் துயரமான பக்கங்கள் இவை.

ஆயினும் கோயிலை இடிக்கும் ஆணை ஆட்சிக்குழுவின் ஆணை. அக்குழுவின் தலைவர் துய்ப்ளே. மனைவி சொல் கேட்டார் என்று எழுதும்போது ஆளுநரின் குற்றம் கேட்ட அளவிலேயே நின்றுவிடுகிறது. செய்த குற்றம் மனைவிக்குப் போகிறது. திருக்குறளில் பெண்வழிச்சேறல் அதிகாரம் இடித்துரைப்பது, அவ்வழிச் செல்லும் ஆடவனையே. பிள்ளையின் பதிவு அம்மரபின் சாயலைக் கொண்டிருந்தும் பழியின் திசையை மாற்றிவிடுகிறது. பெரியாரைத் துணைக்கோடல் அதிகாரம் சொல்லும் இடித்துரைக்கும் துணையின் இடத்தில் அன்று இருந்தவர் தலைமைத் துபாஷியாகிய பிள்ளையே. ஆளுநரை நேரே குற்றம் சாட்டினால், அவர் அருகே இருந்தும் தடுக்க இயலாத தம் நிலையையும் அவர் எழுத வேண்டியிருக்கும்.

பிற்கால ஆட்சி பற்றிய பதிவுகளிலும் இந்த முறையே தொடர்கிறது. வரி வருவாய்ப் பொறுப்பு பாப்பையா பிள்ளையிடம் சென்றபோது ஆனந்தரங்கரின் செல்வாக்குத் தேய்ந்தது. அதற்கும் ழானின் ஆதரவே காரணமாகக் காட்டப்படுகிறது. போருக்குப் பணம் தேடிய ஆளுநரின் கொள்கை பின்னணிக்குத் தள்ளப்படுகிறது.

விசாரணை இல்லாத பதவி

ஸ்பானியப் பேரரசில் ஆளுநர் எத்துணைப் பெரிய பிரபுவாயினும், பதவிக்காலம் முடிந்ததும் 'ரெசிதென்சியா' என்னும் விசாரணைக்கு உட்பட வேண்டும். அதில் குடிகளும் முறையிடலாம். பிலிப்பைன்ஸ் ஆளுநராக இருந்த கொர்குவேரா 1644இல் பதவி நீங்கியபின் சிறையில் வைக்கப்பட்டார். அம்முறை பெரும்பாலும் சடங்காக முடிந்ததுண்டு. எனினும் ஆளப்பட்டோரின் சொல்லுக்கு அங்கே ஓர் இடம் இருந்தது.

புதுச்சேரியில் அத்தகைய இடம் இல்லை. 1754 ஆகஸ்டில் கோதெயு வந்து பொறுப்பேற்றார். துய்ப்ளே தாயகம் திரும்பினார். அங்கு அவர் நடத்திய வழக்கு, தாம் செலவிட்ட பணத்தைக் கம்பெனியிடம் கோரிய வழக்கு. 1759இல் அவர் வெளியிட்ட முறையீட்டு நூலும் அதைப் பற்றியதே. 1763இல் வறுமையில் இறக்கும் வரை நடந்த இவ்விவாதத்தில் கோயிலை இழந்தோரும் வரி கொடுத்தோரும் வழக்காளிகளாக இடம்பெறவில்லை. அவர்கள் தரப்பு எழுத்தில் எஞ்சியிருப்பது பெரிதும் இந்நாட்குறிப்பில்தான். அதை எழுதியவரோ அந்த ஆட்சியின் பங்காளி. நாட்குறிப்பின் ஒப்பற்ற மதிப்பும் அதன் குறையும் இவ்விடத்தில் ஒன்றாகவே நிற்கின்றன.

முடிவுரை

பிரபஞ்சனின் 'மானுடம் வெல்லும்', 1995இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற 'வானம் வசப்படும்' ஆகிய புதினங்கள் வழியாக இந்நாட்குறிப்பின் உலகம் பொது வாசகர்களைச் சென்றடைந்தது. எனவே, மூலநூலின் பார்வைக் கோணத்தைச் சோதித்தறிவது வரலாற்றாய்வுக்கு மட்டுமன்றிப் புதின ஆய்வுக்கும் தேவையாகிறது.

துய்ப்ளேயைப் பற்றிய புகழுரைகள் பட்டங்களால் பிணைந்த ஒரு சூழலின் விளைவு என்பதும், ழான் மீதான பழி முழுப் புனைவு இல்லையாயினும் ஆளுநரின் பொறுப்பை மறைக்கும் திரையாகச் செயல்படுகிறது என்பதும் இவ்வாய்வால் பெறப்படுகின்றன. ழான் தூண்டினார் என்று பிள்ளை எழுதும் ஒவ்வோர் இடத்திலும் ஆணையிட்டவர் யார் என்று கேட்டுப் படித்தால், நாட்குறிப்பு மறைக்க முயன்ற ஆளுநரையும் அதிலிருந்தே காணமுடியும். கோயில் இடிப்பு முந்தைய ஆளுநர்களின் காலத்தில் நடக்கவில்லை என்ற செய்தியைத் தந்தவர் பிள்ளையே. துய்ப்ளேயின் பொறுப்பை நிறுவ அந்த ஒரு பதிவே போதுமான சான்று.