மனனம் செய்தோரின் ஏடு: செயின்ட் ஆல்பன்ஸ் சங்கீதப் புத்தகத்தின் அலங்காரம் குறித்து

கோலவேலைப்பாடு கொண்ட ஒரு போர்வையை அணிந்து தொழுத நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், தொழுகையினூடே தம் பார்வை ஒருமுறை அக்கோலங்களின்பால் சென்றுவிட்டதை உணர்ந்து, தொழுது முடித்ததும் அதனை அபூ ஜஹ்மிடம் கொடுத்துவிட்டு அவருடைய கோலமற்ற தடித்த போர்வையை வாங்கிவருமாறு பணித்தார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. ஆண்டுதோறும் இதனைப் பாடம் நடத்துகிறோம். பெரும்பாலும் தொழுகையாளியின் ஆடை, விரிப்பு ஆகியவற்றின் சட்டத்தைச் சொல்லிவிட்டு அடுத்த ஹதீஸுக்குப் போய்விடுகிறோம். ஆனால் இதற்குள் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. வணக்கத்திற்கென்றே எழுதப்பட்ட ஓர் ஏட்டில் கோலமும் பொன்னும் இருக்கலாமா? இருப்பின், அவை அங்கு என்ன வேலை செய்ய வேண்டும்?

இதே கேள்வியைக் கி.பி. 12ஆம் நூற்றாண்டின் கிறித்தவத் துறவு மடங்கள் தமக்குள் கடுமையாக விவாதித்தன. அவ்விவாதம் நடந்த தலைமுறையிலேயே இங்கிலாந்தில் உருவான ஒரு பிரார்த்தனை ஏட்டை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. செயின்ட் ஆல்பன்ஸ் மடத்தில், ஜெஃப்ரி என்பவர் மடத்தலைவராக இருந்த காலத்தில் (1119–1146) எழுதப்பட்ட சங்கீதப் புத்தகம் அது. இன்று ஜெர்மனியின் ஹில்டெஸ்ஹைம் நகரில் இருக்கிறது. இங்கிலாந்தில் மதமாற்றக் கெடுபிடிகளால் நாடு நீங்கிய துறவிகளின் கையோடு அது அங்கே சென்று சேர்ந்தது. 209 தோல் ஏடுகள்; முழுப்பக்க ஓவியங்கள் 40; சங்கீதங்களின் தலைப்பெழுத்துகளுக்குள் வரையப்பட்ட சிற்றோவியங்கள் 200க்கும் மேல்.

சங்கீதங்கள் என்று கிறித்தவர்கள் கூறுவது தாவூத் (அலை) அவர்களின் பெயரால் வழங்கும் 150 பாடல்களை. தாவூதுக்கு ஸபூரை வழங்கினோம் என்று இறைவேதம் இரண்டு இடங்களில் கூறுகிறது. இன்று அவர்களிடம் உள்ள தொகுப்பு அந்த ஸபூர்தானா என்ற ஆய்வு வேறு. அதற்குள் இங்கே நுழையவில்லை. துறவு மடங்களைப் பொறுத்தவரை, துறவறம் அவர்கள் தாமாக உண்டாக்கிக்கொண்டது என்று சொல்லும் அதே குர்ஆன், இறைவனின் பெயர் மிகுதியாக நினைவுகூரப்படும் இடங்களுள் மடங்களையும் ஸூரத்துல் ஹஜ்ஜில் வைத்துப் பேசுகிறது. இவ்விரண்டையும் மனத்தில் கொண்டவன் அந்த ஏட்டை அலட்சியமாகவும் புரட்ட மாட்டான், மயங்கியும் புரட்ட மாட்டான்.

அலங்காரத்தைப் பற்றிப் பேசுமுன் அந்த ஏடு எவ்வாறு ஓதப்பட்டது என்பதை அறிய வேண்டும். 6ஆம் நூற்றாண்டில் பெனடிக்ட் வகுத்த விதிமுறையின்படி, இரவுத் தொழுகை தொடங்கி உறங்கும் முன் ஓதுவது வரை நாள் முழுவதும் வேளைகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. 150 சங்கீதங்களும் ஒரு வாரத்திற்குள் ஓதி முடிக்கப்பட வேண்டும். எந்தச் சங்கீதம் எந்த வேளைக்கு என்ற பங்கீடு பிடிக்காதவர்கள் வேறுவிதமாகப் பங்கிட்டுக்கொள்ளலாம், ஆனால் வாரத்திற்குள் முழுவதும் முடிய வேண்டும் என்பதில் மட்டும் பெனடிக்ட் விட்டுக்கொடுக்கவில்லை. குர்ஆனை ஏழு மன்ஸில்களாகப் பிரித்து ஒரு வாரத்தில் கத்ம் செய்யும் நம் முன்னோரின் வழக்கம் உடனே நினைவுக்கு வரும்.

இப்படி வாரந்தோறும், ஆண்டுக்கணக்கில் ஓதியவர்களுக்குச் சங்கீதங்கள் மனப்பாடமாகவே இருந்தன. மனனம் செய்தவருக்கு ஏடு எதற்கு? ஹாஃபிழ்களைப் பயிற்றுவிக்கும் நமக்கு இதற்கு விடை தெரியும். ஹிஃப்ழு மாணவன் ஒருவனின் கையிலுள்ள 15 வரி முஸ்ஹஃபை வாங்கிக்கொண்டு வேறு அச்சைக் கொடுத்துப் பாருங்கள். நன்றாக ஓதிக்கொண்டிருந்தவன் தடுமாறுவான். வசனம் வலப்பக்கத்தின் அடியிலா, இடப்பக்கத்தின் தலைப்பிலா என்பதும், ருபுவு அடையாளம் எந்த வரிக்கு எதிரே நிற்கிறது என்பதும் அவன் மனனத்தின் பகுதிகள். பக்கத்தின் முடிவில் வசனமும் முடியுமாறு அமைத்த உஸ்மானிய எழுத்தர்கள் இதை அறிந்தே செய்தார்கள். ஏட்டைப் பார்த்து அவன் வாசிப்பதில்லை. ஏடு அவன் நினைவைத் தாங்கிப் பிடிக்கிறது.

செயின்ட் ஆல்பன்ஸ் ஏட்டின் தலைப்பெழுத்துகளை இந்தக் கண்ணோடு பார்த்தால்தான் அவற்றின் பொருள் விளங்கும். ஒவ்வொரு சங்கீதமும் ஒரு பெரிய எழுத்தோடு தொடங்குகிறது. அவ்வெழுத்தின் வளைவுக்குள் சிறு உருவங்கள்: வேண்டுபவர் கையை நீட்டுகிறார், குனிகிறார், சுட்டுகிறார். அருகில் சிவப்பு மையில், அச்சங்கீதத்திலிருந்து எடுத்த ஒரு வசனம். ஓவியம் அந்த வசனத்தைச் சொல்லுக்குச் சொல் வரைந்து காட்டுகிறது. அந்த வசனம் சங்கீதத்தின் முதல் வசனமாக இருக்க வேண்டும் என்பதில்லை. உள்ளேயிருந்து யாரோ ஒருவர் தேர்ந்தெடுத்தது. ஆக, ஒவ்வொரு முறையும் ஒரு தேர்வு நிகழ்ந்திருக்கிறது: இத்தனை வசனங்களில் இன்று நீ நின்று எண்ண வேண்டியது இது. நம் மரபின் சொல்லால் கூறுவதாயின், இது தஸ்யீன் அன்று, ததப்புருக்கான அடையாளம். நாவு பழக்கத்தால் ஓடிக்கொண்டே இருக்கும் இயல்புடையது. அந்த ஓட்டத்தை ஓரிடத்தில் நிறுத்துவதே இந்த எழுத்துகளின் வேலை.

இந்த ஏட்டிலேயே ஓவியத்திற்கு ஆதரவான ஒரு வாதமும் எழுதி வைக்கப்பட்டிருப்பது வியப்பு. மார்சேய் நகரின் ஆயர் செரெனுஸ் என்பவர் தேவாலயத்திலிருந்த உருவங்களை உடைத்தபோது, கி.பி. 600 அளவில் போப் கிரகோரி அவருக்கு எழுதிய கடிதத்தின் ஒரு பகுதி லத்தீனிலும் அக்காலப் பிரெஞ்சிலும் இதில் உள்ளது. எழுத்தறிந்தவர்களுக்கு நூல் எதுவோ, அறியாதவர்களுக்கு ஓவியம் அது. வணங்கக் கூடாது, ஆனால் உடைக்கவும் வேண்டாம் என்பது அதன் கருத்து. இந்த வாதத்தை ஐரோப்பியக் கலை வரலாற்று நூல்கள் பலவும் அப்படியே ஏற்று, மடத்து ஏடுகளின் ஓவியங்களைப் ‘பாமரரின் வேதம்’ என்று சொல்லிச் செல்கின்றன. நான் இதனோடு உடன்படவில்லை. கிரகோரியின் நியாயம் தேவாலயச் சுவருக்குப் பொருந்தலாம், இந்த ஏட்டிற்குப் பொருந்தாது. சிவப்பு மையிலுள்ள வசனத்தைப் படிக்கத் தெரியாதவனுக்கு எழுத்துக்குள் குனிந்து நிற்கும் மனிதர் வெறும் மனிதர். சங்கீதத்தை நெஞ்சில் வைத்திருப்பவனுக்கு மட்டுமே அவர் பேசுகிறார். ஏட்டிலுள்ள கடிதம் ஒன்றைச் சொல்ல, ஏட்டின் பெரும்பகுதி வேறொன்றைச் செய்துகொண்டிருக்கிறது.

முழுப்பக்க ஓவியங்கள் 40ஐயும் பற்றி என் மதிப்பீடு வேறு. ஆதம், ஹவ்வா வரலாற்றில் தொடங்கி ஈஸா (அலை) அவர்களைப் பற்றிய கிறித்தவ நம்பிக்கைகளின் வரிசையில் செல்லும் அவற்றில் எழுத்து இல்லை. ஊதாவும் நீலமும் பச்சையும் அடர்ந்த பின்னணி, பக்கவாட்டில் திரும்பிய நெடிய முகங்கள், கனமான சட்டகம். கலை நூல்களில் அச்சாகிப் புகழ்பெற்றவை இவையே. கைத்திறனில் குறை காண முடியாது. ஆயினும் இவை ஓதலோடு சேர்ந்து நடக்கவில்லை, ஓதல் தொடங்குவதற்கு முன் தனியாக நிற்கின்றன. ஏட்டின் சிறந்த பாதி சிறிய எழுத்துகளே. வசனத்துக்குக் கட்டுப்பட்டிருப்பதால்தான் அவை சிறந்தன.

நாம் விலகி நிற்க வேண்டிய இடத்தையும் மறைக்க வேண்டியதில்லை. இத்தலைப்பெழுத்துகள் பலவற்றில் வேண்டுபவருக்கு எதிரே வேண்டப்படுபவராக ஈஸா (அலை) அவர்களின் உருவம் நிற்கிறது. சொல்லுக்குச் சொல் வரையும் வழக்கம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு, இதற்கு ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் முன்பு ரெய்ம்ஸ் பகுதியில் பேனாவால் மட்டும் வரையப்பட்ட உட்ரெக்ட் சங்கீத ஏடு சான்று. இறைவனை நோக்கி ‘ஏன் உறங்குகிறாய்’ என்று முறையிடும் இடத்தில், அதை வரைந்தவர் ஒரு கட்டிலையே வரைந்து, அதில் படுத்திருப்பவரை வானவர்கள் எழுப்புவதாகக் காட்டிவிட்டார். உவமையாக வந்த சொல்லைக் கண்ணுக்குத் தரும்போது உவமை போய் உருவம் மட்டும் மிஞ்சும். முதஷாபிஹாத் வசனங்களில் நம் இமாம்கள் ஏன் அத்தனை எச்சரிக்கையோடு நடந்தார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குக் கிடைத்ததில்லை.

ஆனால் எதிர்ப்பு வெளியிலிருந்து மட்டும் வரவில்லை. 1125 அளவில் கிளேர்வோ மடத்தின் பெர்னார்ட், தம் நண்பர் வில்லியமுக்கு எழுதிய நீண்ட மடலில் மடங்களின் ஆடம்பரத்தைச் சாடினார். குரங்கும் சிங்கமும் பாதி மனிதனும் பாதி விலங்குமாகத் தூண்களில் செதுக்கி வைத்தால், துறவி ஏட்டை விட்டுவிட்டுக் கல்லையே படித்துக்கொண்டிருப்பான் என்பது அவர் கவலை. வெட்கமில்லாவிட்டாலும் செலவையாவது எண்ணக்கூடாதா, கற்களுக்குப் பொன் போர்த்திவிட்டு ஏழைகளை வெறும் உடம்போடு விடுகிறீர்களே என்றும் கேட்டார். போர்வையைக் கழற்றிய ஸுன்னத்தின் ஒரு தொலைதூர எதிரொலி இதில் கேட்கிறது. அவர் சார்ந்த சிஸ்டர்சிய மடங்கள் 12ஆம் நூற்றாண்டின் நடுவில் இதைச் சட்டமாகவே ஆக்கின: எழுத்துகள் ஒரே நிறத்தில் இருக்க வேண்டும், அவற்றில் ஓவியம் கூடாது. இதே சபையின் தாய்மடமான சீட்டோவில் 1111இல் முடிக்கப்பட்ட ஓர் ஏட்டில், மரம் பிளக்கும் துறவிகளின் உடம்பே எழுத்தாக வளைந்து நின்றது என்பதை நினைத்தால், அச்சட்டம் எவ்வளவு பெரிய திருப்பம் என்பது புரியும்.

ஒரே நிறம் என்ற சொல்லைப் படித்தபோது இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் ஃபத்வா என் நினைவுக்கு வந்தது. முஸ்ஹஃபில் பத்து வசனங்களுக்கு ஒருமுறை அடையாளமிடுவது பற்றிக் கேட்கப்பட்டபோது, சிவப்பு முதலிய நிறங்களில் இடுவதை அவர்கள் வெறுத்தார்கள். எழுதும் மையினாலேயே இடுவதில் குற்றமில்லை என்றார்கள். இதைப் பதிவு செய்யும் அபூ அம்ர் அத்தானீ (ரஹ்), பிள்ளைகள் கற்பதற்கான சிறு முஸ்ஹஃபுகளில் புள்ளியிடுவதை இமாமவர்கள் அனுமதித்ததையும் சேர்த்தே சொல்கிறார். பின்னர் ஹனஃபீ அறிஞர்கள் கண்ணியம் கருதி முஸ்ஹஃபை அலங்கரிப்பதை அனுமதித்தார்கள்; ஷாஃபிஈ நூல்கள் வெள்ளி, பொன் என்று பிரித்துச் சட்டம் பேசின. அனுமதித்தவர்களும் தடுத்தவர்களும் வேறுவேறு கவலைகளால் பேசியவர்கள் அல்லர். கண் எங்கே நிற்கும் என்பதே இருவரின் கேள்வியும்.

ஹிஜ்ரி 391இல் (கி.பி. 1000–1001) பக்தாதில் இப்னுல் பவ்வாப் எழுதிய முஸ்ஹஃப், டப்ளின் நகரின் செஸ்டர் பீட்டி நூலகத்தில் இருக்கிறது. உள்ளங்கையில் அடங்கிவிடும் அளவை விடச் சற்றே பெரியது. பொன்வேலையும் அவருடைய கையே என்று கருதப்படுகிறது. அதன் ஓரத்துப் பதக்கங்கள் பத்தாம் வசனத்தையும் ஸஜ்தாவின் இடத்தையும் சொல்கின்றன. தொடக்கப் பக்கங்களின் கோலங்களுக்குள் வசனங்கள், சொற்கள், எழுத்துகள் ஆகியவற்றின் எண்ணிக்கை எழுதப்பட்டிருக்கிறது. உருவம் ஒன்றுமில்லை, எனினும் ஓதுபவனுக்கு உதவாத பொன்னும் அதில் அரிது. இன்று அன்பளிப்புக்கென்றே பக்கத்துக்கொரு நிறமாக, வானவில்போல் அச்சாகும் முஸ்ஹஃபுகளை அதனருகில் வைத்துப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. தஜ்வீது சட்டங்களை நிறங்களால் காட்டும் அச்சுகளை நான் குறை சொல்லவில்லை. அந்நிறங்களுக்கு வேலை இருக்கிறது. வானவில் தாளின் நிறத்திற்கு விற்பனையைத் தவிர வேறு வேலை எதுவும் எனக்குத் தெரியவில்லை.

சிஸ்டர்சியத் தடை அழகைக் கொன்றுவிடவும் இல்லை. கிளேர்வோ மடத்தில் எழுதப்பட்ட பெரிய பைபிளின் தலைப்பெழுத்துகள் ஒவ்வொன்றும் ஒரே நிறம். நீலம் என்றால் நீலம் மட்டும். நிறத்தின் நடுவே தோலை வெறுமையாக விட்டே கொடிகளைக் காட்டியிருக்கிறார்கள். நம் கையெழுத்துக் கலைஞர்கள் கண்டால் தம் இனம் என்று அடையாளம் கண்டுகொள்வார்கள்.

செயின்ட் ஆல்பன்ஸ் ஏட்டிற்கு மீண்டும் வருகிறேன். இது கிறிஸ்டினா என்ற பெண் துறவிக்காக அமைந்தது என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். பெற்றோர் செய்துவைத்த திருமணத்தை மறுத்து வீட்டை விட்டுத் தப்பி, மார்க்யேட் என்ற இடத்தில் ரோஜர் என்ற முதிய துறவியின் குடிலில் ஆண்டுக்கணக்கில் ஒளிந்து வாழ்ந்தவர். பின்னர் மடத்தலைவர் ஜெஃப்ரிக்கே ஆலோசனை சொல்லும் நிலைக்கு உயர்ந்தவர். திருமண இரவில் மனைவியைப் பிரிந்து சென்ற அலெக்ஸிஸின் பிரெஞ்சுக் கவிதை இந்த ஏட்டில் இடம்பெற்றிருப்பதற்கு அவர் வாழ்வே காரணமாகலாம். 105ஆம் சங்கீதத்தின் தலைப்பெழுத்து மட்டும் தனித் தோல் துண்டில் வரைந்து ஒட்டப்பட்டது. அதில் துறவிகள் பின்னால் நிற்க, ஒரு பெண் முன்வந்து கை நீட்டுகிறார். மேலே, இத்துறவிகள்மீது இரக்கம் காட்டுமாறு வேண்டும் ஒரு வரி. ஏடு முடிந்த பிறகு, ஓதிய ஒருவரின் வேண்டுதல் அதற்குள் நுழைந்திருக்கிறது.

ஏட்டின் தொடக்கத்தில் ஆண்டின் விழாநாட்களைக் காட்டும் நாட்காட்டி ஒன்று உண்டு. அதன் வரிகளுக்கிடையே, அலங்காரம் எதுவுமின்றி, கிறிஸ்டினாவின் தாய், தந்தை, உடன்பிறந்தார், ரோஜர் ஆகியோர் இறந்த நாட்கள் பிற்பாடு குறிக்கப்பட்டிருக்கின்றன. அந்தந்த நாள் வரும்போது அவர்களுக்காக வேண்டுவதற்கு. பழைய வீட்டு முஸ்ஹஃபுகளின் உள்ளட்டையில் நம் பாட்டனார்கள் எழுதிவைத்த பெயர்களும் ஹிஜ்ரித் தேதிகளும் எந்தப் பொன்னும் இல்லாத, வெறும் கறுப்பு மைதான்.